பேமானி என்று யாரைச் சொல்வது

எங்கள் ராயபுரத்தில் பேமானி என்பது கிட்டத்தட்ட காலை வணக்கம். டீக்கடைக்குத் தாமதமாக வந்தவன் பேமானி, பீடி கேட்டால் இல்லை என்பவனும் பேமானி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் கூட்டாளியை இருபது வருடமாக அப்படித்தான் கூப்பிட்டேன். “இன்னா பேமானி, துன்ட்டியா?” என்றால் அவனுக்கு ஒரே குஷி.

சொல் உருதுவிலிருந்து வந்தது. ஈமான் என்றால் விசுவாசம். அது இல்லாத குணத்துக்கு அங்கே பேஈமானி என்று பெயர். நாங்கள் அந்தக் குணத்தின் பெயரைத் தூக்கி ஆளுக்கே வைத்துவிட்டோம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்கள்தான் நாங்கள். இருந்தும் பேமானிக்குள் விசுவாசம் இருப்பது எங்களில் யாருக்கும் உறைத்ததில்லை. எனக்கு உறைத்தது போன வருடம்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். இரும்புக் குழாய்களை இறக்கும்போது ஒன்று உருண்டு என் கணுக்காலை நசுக்கியது. கான்ட்ராக்டரோ, நான் கேட்டுக்கு வெளியே பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதிவிட்டான். யார்டுக்குள் அடிபட்டது என்று நிரூபித்தால்தான் எனக்கு நஷ்டஈடும் வேலையும். கேமரா அன்றைக்குப் பார்த்து ஓடவில்லையாம். நான் கவலைப்படவே இல்லை. எனக்கு எதிரே நின்று குழாய் இறக்கியவன் என் கூட்டாளி ஆயிற்றே.

லேபர் ஆபீஸ் விசாரணைக்கு முந்தின வாரம் அவனை மேஸ்திரி ஆக்கினார்கள். சேதி கேட்டு என் மனைவி கேசரி கிண்டிக் கொடுத்தனுப்பினாள். எங்களைப் போல் மடையர்கள் உண்டா?

விசாரணை அறையில் அவன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அதிகாரி கேட்டதும், “நான் பாக்கல சார். கேன்டீன்ல துன்னுகினு இருந்தேன்” என்றான்.

“மாதா மேல சத்தியமா சொல்லுடா” என்றேன்.

“அப்ப இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாருப்பா?” என்று அதிகாரி கேட்டார்.

என்னை முதுகில் சுமந்துகொண்டு கேட் வரைக்கும் ஓடியவன் அவன். ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “கண்ண மூடாத நைனா, என்னப் பாரு” என்று வழியெல்லாம் அழுதவன்.

“தெரியாது சார்” என்றான். அதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னான்.