மாமா அடைத்த ஓட்டை

என் அம்மாவின் தம்பி குழாய் வேலை செய்பவர். சுவரில் ஈரம் தெரிந்தால் அந்த இடத்தை மாமா தொடவே மாட்டார். மேல்மாடிக்குப் போய், குளியலறைத் தரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். "தண்ணி சொட்டுற இடம் வேற, கிளம்புற இடம் வேற" என்பார். வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டு வெளியே சிமெண்ட் பூசியிருந்தால் முகம் சுருங்கிவிடும். "வெளிய அடைச்சா உள்ள தேங்கி செவுத்தையே ஊற வெச்சிடும்ங்க."

அவரேதான் தன் உடம்பில் வெளியே அடைத்தார்.

ஒரு வருடத்துக்கு முன் ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி ஒன்று வந்து, பழுத்து, தானாக உடைந்தது. வலி போனதும் தொல்லை விட்டது என்று இருந்துவிட்டார். ஆனால் அந்த இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை நின்றுவிட்டது. நாலு நாள் சீழ் கசியும், ஒரு வாரம் நிற்கும், மறுபடி கசியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. நின்றபடியே சாப்பிட்டார். வண்டியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகுவலி என்று அத்தையிடம் சொல்லிவைத்தார்.

"முதுகு வலிக்கிறவங்க படுப்பாங்க. இவரு மட்டும் பஸ்சுக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிறாரு" என்று அத்தை எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

அந்த நேரத்தில்தான் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் குழாய் வேலை முழுவதும் மாமாவின் பொறுப்பில் வந்தது. இருபது வருடம் பிறர் கீழே வேலை பார்த்தவருக்கு, இது உன் கட்டடம் என்று யாரோ சொன்னது அதுவே முதல் தடவை. குழாய்களில் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதிக்கும் நாளும் குறித்தாகிவிட்டது. மேற்பார்வையாளர் கறாரான ஆள். தேதி தவறினால் வேலை கைமாறிவிடும்.

கசிவை நிறுத்தினால் போதும் என்று மாமா மருந்துக் கடையில் புண்ணுக்குத் தூள் வாங்கி ஓட்டையில் அழுத்தி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். ஐந்தாம் நாள் கசிவு நின்றது. ஓட்டை மூடிக்கொண்டது. ஏழாம் நாள் ஆறாவது மாடியில், கையில் குறடோடு, குளிர்காய்ச்சலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் அலறினார். வேலையாட்கள் இருவர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

மருத்துவமனையில் அன்றைக்கே அந்த இடத்தை வெட்டிச் சீழை வெளியேற்றினார்கள். காய்ச்சல் தணிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு பெண். மாமா அவர் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் நானும் சுவரோரம் நின்றோம்.

"இது பௌத்திரம். மாத்திரையில மூடாது" என்று மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். "உள்ள ஒரு வாய், தோல்ல ஒரு வாய். நடுவுல சுரங்கம் மாதிரி வழி."

"கிளம்புறது எங்க?" என்று மாமா கேட்டார்.

மருத்துவர் உள்ளே ஒரு புள்ளி வைத்தார்.

"அப்ப நான் அடைச்சது?"

"கடைசி முனைய. சீழ் வெளிய போக வழியில்லாம உள்ள தேங்கிடுச்சு."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பாரு டாக்டரம்மா, இதே பாடத்த" என்றார் அத்தை.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. "அறுத்துடுங்க. ஒரே தடவையில முடியணும். எனக்குத் தேதி இருக்கு."

"வழி மேலாப்பல போனா அறுத்துத் திறந்து விட்டுடலாம். சில வாரத்துல அடியிலிருந்து ஆறிடும். உங்களுக்கு மலத்த அடக்கி வைக்கிற தசைக்குள்ள புகுந்து போகுது. ரொம்ப அறுத்தா, காத்தும் மலமும் உங்களுக்குத் தெரியாமலே வரலாம்."

"போன்ல பாத்தேன். லேசர்னு போட்டிருந்தான்."

"இருக்கு. தசைய அறுக்காது, ஆனா நிறைய பேருக்குத் திரும்ப வருது. முதல்ல சீழ் முழுசா வடியணும். அதுக்கு அந்த வழியில ஒரு நூலக் கோத்துத் தளர்வா முடிஞ்சு விடுவேன். ரெண்டு மூணு மாசம் இருக்கும். அப்புறம் இன்னொரு ஆபரேஷன்ல உள்வாயை மூடலாம், இல்ல தசைக்கு நடுவுல அந்த வழியக் கட்டிடலாம்."

"மூணு மாசமா? கொஞ்சம் தசை போனாப் போகுது, அறுங்க."

அத்தை முன்னால் வந்தார். சிரிப்பு போயிருந்தது. "எட்டு மாடிக்கு மாத்துறதுக்கு எட்டு பேண்ட் தூக்கிட்டுப் போவீங்களா? வாழ்நாள் பூரா?"



"எவ்வளவு தசைன்னு மயக்கம் கொடுத்துப் பாத்தாதான் உறுதியாத் தெரியும்" என்றார் மருத்துவர். "கொஞ்சமா இருந்தா அறுக்கிறேன். நிறைய இருந்தா, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அறுக்க மாட்டேன். சம்மதமா?"

மாமா சம்மதப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் அறைக்குள் போகும்போது என்னிடம் மட்டும், "கொஞ்சமாத்தான் இருக்கும், பாரு" என்றார்.

கதவு மூடியது. அத்தை உட்காரவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி முன்னால் போய், வேறு யாரோ என்று தெரிந்ததும் திரும்பி வந்தார். நாற்பது நிமிடம் கழித்து மருத்துவர் வந்தார்.

"பாதிக்கு மேல தசை. நூல்தான் போட்டிருக்கேன்."

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார்.

மாமா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "அறுத்தாச்சா?"

"இல்ல" என்றார் அத்தை.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாலையில் தொலைபேசியைக் கேட்டு வாங்கி மேற்பார்வையாளரை அழைத்தார். முதுகுவலி என்றுதான் மறுபடி சொல்வார் என்று நினைத்தேன்.

"சார், நான்தான். சோதனைக்கு வேற ஆள வெச்சுக்குங்க. அஞ்சு மாடி முடிச்சிருக்கேன், ஆறாவதுல ரெண்டு இணைப்பு இறுக்கல, அத மட்டும் சொல்லிடுங்க... இல்ல சார், முதுகு இல்ல. பௌத்திரம். பின்னாடி... ஆமா, அங்கதான். நூல் போட்டிருக்காங்க, மூணு மாசம். அதுக்கப்புறம் இன்னொரு ஆபரேஷன் இருக்கு. அடுத்த வாரமே நடக்கலாமாம், பாரம் தூக்கத்தான் கூடாதாம். திரும்ப வராதுன்னு டாக்டரம்மா சொல்லல."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மாமா "சரிங்க சார்" என்று மூன்று முறை சொன்னார். தொலைபேசியை அத்தையிடம் நீட்டினார்.

"கட்டடம் போச்சு" என்றார். "கசியுது. பஞ்சு மாத்தணும், நர்ஸக் கூப்பிடு."