மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கால்கள்

பதுளையில் வேலை முடிந்து வருகிறேன். ஹாலிஎலயில் சாமி ஊர்வலம், பஸ் நின்றுவிட்டது. எப்போது வீடு போய்ச் சேர்வதோ என்ற அலுப்பு. சூடான ரோட்டில் யாரோ ஊற்றிய மஞ்சள் தண்ணீரின் வாசம் ஜன்னல் வழியே ஏறி வந்தது.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கும் சாமி வரும். தூக்கி வருகிறவர்களின் கால்களுக்கு அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே எங்களை விட்டுவிட்டு, கீழ் டிவிஷனில் இன்னொருத்தியோடு குடியேறிய அப்பாவும் ஒரு வருஷம் தோள் கொடுத்து வந்தார்; பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா அவர் காலுக்கும் ஊற்றினாள்.

"அப்பாவுக்கு ஏம்மா ஊத்துன?"

"சாமி தூக்கிட்டு வர்ற காலு. மூஞ்சியப் பாக்காமத்தான் ஊத்துனேன்."

நானும் அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பின் அவர் வரவேயில்லை.

பஸ் நகர்கிறது. அப்பா என்று நினைத்தால், அட்டை கடித்த தழும்போடு இரண்டு ஈரக் கால்கள்தான் வருகின்றன.