எதிர்க்கடை ஹாஜியாரின் தூக்கம்

பாத்திரக் கடையில் முதலில் சொல்லும் விலை வெறும் வணக்கம் சொல்கிற மாதிரி. வியாபாரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். இதைத் தவிர வேறு படிப்பு எனக்குக் கிடையாது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்கு இறங்கி வந்து, அடுத்தவன் கடையில் அடியும் ஏச்சும் வாங்கி, சொந்தக் கடை போட்டு, கலவரத்தில் அது எரிந்து, கறுத்துப்போன அண்டாக்களைத் தேய்த்து விற்று மறுபடியும் கடை போட்டவன் நான். இவ்வளவையும் தாங்கிய நெஞ்சு, யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒரு நாள், ஒரு பிரஷர் குக்கருக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது அடைத்துக்கொண்டது. என்னைப்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்களே, விழுந்தது ஒரு நிமிஷ வேலை, எழும்பினதுதான் பெரும்பாடு என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த கட்டில்

ஆஸ்பத்திரி வாட்டில் எனக்குப் புத்தி தெளிந்து திரும்பிப் பார்த்தால், அடுத்த கட்டிலில் எதிர்க்கடை ஹாஜியார். அவரும் பாத்திரக் கடைதான். நான் அலுமினியம் இறக்கினால் அவர் எவர்சில்வர் இறக்குவார். நான் போர்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தால் அவர் லைட் போடுவார். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அதே வாரம் அவரும் விழுந்திருக்கிறார். அதில்கூட மனிதர் என்னைத் தனியாக விடவில்லை.

அவரைப் பார்க்க வந்த சனத்துக்கு வாட்டில் நிற்க இடமில்லை. எனக்கு என் மனைவி சரசுவும் அவள் கொண்டுவந்த கஞ்சியும்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த மனிதர் தூங்கிய தூக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. தலை சாய்த்தால் குறட்டை. எனக்கோ கண்ணே மூடவில்லை. அவருக்கு மட்டும் நல்ல மருந்து கொடுக்கிறீர்களா என்று நர்ஸிடம் சத்தம் போட்டேன். சிங்களப் பிள்ளை, தோட்டப்பக்கம் வேலை செய்து தமிழ் பழகியவள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான் என்று சொல்லிவிட்டு, போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“அவர் உங்களப் பாக்கிறது இல்ல, ஐயா. நீங்கதான் கண்ண மூடாம அவரையே பாத்துக்கிட்டு இருக்கிறது.”

டாக்டரிடம் விலை பேசியது

டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். முதலில் வீட்டுக்குள் நடக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, மேடில்லாத ரோட்டில் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அதன் பிறகு ட்ரெட்மில் என்கிற ஓடுகிற பட்டியில் ஏற்றி நெஞ்சைப் பரிசோதிப்பார்கள். அதில் தேறினால்தான் நான் கடையில் உட்காரலாம். அதுவரை சரசுதான் கடை. என் கதிரையில் இன்னொருவர் உட்காருவதா? எனக்கு நெஞ்சு மறுபடியும் அடைத்தது.

“அரை மணி ரொம்பக் கூட, டாக்டர். கால் மணியில முடிச்சுக்குவோம்” என்றேன். முடியாது என்றார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: வேண்டாம் என்று எழும்பி நடந்தால், படி இறங்குவதற்குள் கடைக்காரன் கூப்பிடுவான். நானும் எழும்பி, மெதுவாக வாசல் வரை போய், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. அடுத்த நோயாளியைத்தான் கூப்பிட்டார். திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“ஐயா, வாசலடி மட்டும் போய்த் திரும்பி வந்திட்டியள். நல்ல தொடக்கம். உந்த நடையைத்தான் இனி ஒவ்வொரு நாளும் செய்யச் சொல்லுறன்.”

வாவிக்கரை ஓட்டம்

கண்டியில் மேடில்லாத ரோட்டுக்கு எங்கே போவது? ஏரியைச் சுற்றி வருகிற வாவிக்கரைதான். எனக்குத் தோன்றியது ஹாஜியாருக்கும் தோன்றியிருக்கிறது. வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, காலில் கனடாவில் இருக்கிற மகள் அனுப்பிய வெள்ளைச் சப்பாத்து. பூப்போல நடந்து போவார். எதிரே வருகிற ஆள் எல்லாம் நின்று சலாம் சொல்லும். நான் பாட்டா செருப்போடு பின்னால்.

ஒரு நாள் அவர் முதுகைப் பார்த்துப் பார்த்து ஆத்திரம் வந்து, அவரை முந்துவதென்று வேகத்தைக் கூட்டினேன். முந்தியும் விட்டேன். சட்டை நனைந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டோரத்து ஆர்மி செக்பொயின்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தக் காலத்தில் யார்தான் சும்மா விடுவார்கள்? ஆர்மிக்காரப் பையன் துவக்கை நிமிர்த்திவிட்டான். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைப் போத்தல். அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். எனக்கு வாயில் சிங்களமும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. அப்போதுதான் ஹாஜியார் அதே பூநடையில் வந்து சேர்ந்தார். இவர் என் எதிர்க்கடைக்காரர், நெஞ்சு வருத்தக்காரர், நான் முன்னால் போவது இவருக்குப் பிடிக்காது என்று நல்ல சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். பையன் சிரித்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தான். சிங்களத்தில் அவன் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

“மெதுவாப் போங்க, மாத்தயா. இது சுத்துற ரோட்டு. யாரு முன்னுக்குப் போனாலும் இங்கதான் திரும்பி வரணும்.”

கனடாப் போத்தல்

ஹாஜியாரின் தூக்கத்துக்குக் காரணத்தைச் சரசுதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். மெலடோனின் என்று ஒரு மாத்திரையாம். மகள் கனடாவிலிருந்து அனுப்புகிறாளாம். ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தால் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குத்தான் எழும்புகிறாராம். எனக்கு மகளும் இல்லை, கனடாவும் இல்லை. சிங்கப்பூருக்குச் சாமான் வாங்கப் போகிற ஒருவனைப் பிடித்துச் சொல்லி வைத்தேன். அவருடையது மூன்று மில்லிகிராம் என்று கேள்விப்பட்டதால், எனக்குப் பத்து கொண்டுவரச் சொன்னேன். எடை கூடின பாத்திரம்தானே நல்ல பாத்திரம்? டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் குறைப்பார் என்று தெரியும்.

இரவில் தூங்குவதற்குப் பகலிலேயே அட்வான்ஸ் கட்டி வைப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்றைப் போட்டேன். அன்றைக்குப் பார்த்துச் சரசுவுக்குக் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டருக்குக் களவாகக் கதிரையில் ஏறிக்கொண்டேன். கலகெதரையிலிருந்து ஒரு அம்மா வந்து பெரிய இட்டலிச் சட்டிக்கு விலை கேட்டார். சொன்னேன். பாதிக்குக் கேட்டார். சத்தம் போட வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கண் திறந்தபோது சரசு முன்னால் நிற்கிறாள், என் முழங்கைக்கு அடியில் பாதிப் பணம், அந்த அம்மா சட்டியைக் கடதாசியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

“நான் பாதிக்குத்தான் கேட்டேன், தங்கச்சி. மொதலாளி மூணு தரம் தலைய ஆட்டினாரு. இவ்வளவு தங்கமான மனுசன்னு இத்தன நாளா தெரியாமப் போச்சே!”

பட்டியில் ஏறியது

அடுத்த நாளே சரசு என்னையும் போத்தலையும் டாக்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்குத்தான் பட்டிப் பரிசோதனையும் இருந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நாடி தறிகெட்டு ஓடுகிறதாம், தூக்கமில்லாத உடம்பாம். ஹாஜியார் போன கிழமையே தேறிவிட்டார் என்று அங்கே நின்ற ஒரு ஆள் தேவையில்லாமல் சொன்னான்.

டாக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருட்டினதும் உடம்பே சுரக்கிற சாமான்தான் இது என்றார். நெஞ்சுத் துடிப்பை அடக்கக் கொடுக்கிற மாத்திரை சிலருக்கு அந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், அதனால்தான் தூக்கம் கெடுகிறது. கொஞ்சமாக, படுக்கப் போகுமுன் போட்டால் போதும். இரத்தத்தை இளக்குகிற மருந்தோடு ஒத்துப்போகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். இது நெஞ்சுக்கும் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள், முடிவாகச் சொல்ல முடியாது. நெஞ்சைத் திருத்துவது நடைதான், அதுவும் யாரையும் துரத்தாத நடை. இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்ப ஹாஜியாருக்கு மட்டும் எப்படி சரிவந்தது?” என்று கேட்டேன்.

“அவர் வாங்க முந்தி என்னட்டக் கேட்டவர். நீங்கள் வாங்கி, போட்டு, கடையில சரிஞ்சு விழுந்தாப் பிறகு கேக்கிறியள்.”

இனாம் வேண்டாம்

என் மற்ற மருந்துகளைப் பார்த்துவிட்டு டாக்டர் போடச் சொன்ன மூன்று மில்லிகிராம் சின்ன மாத்திரை அப்போது கண்டியில் எந்த மருந்துக் கடையிலும் இல்லை. எப்படியோ ஹாஜியார் காதுக்குப் போய்விட்டது. நான் சரசுவைப் பார்க்கக் கடைக்குப் போயிருந்த நேரம் ரோட்டைக் கடந்து வந்து, உடைக்காத போத்தல் ஒன்றை எங்கள் மேசையில் வைத்தார். “வெச்சிக்கொள்ளுங்கொ, மகள் மிச்சம் அனுப்பி ஈக்கிறா” என்றார். கலவரத்தில் என் கடை எரிந்தபோது, எரியாமல் தப்பின சாமானைத் தன் வீட்டு மேல்மாடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவரும் இவர்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. நன்றி இருக்கிற இடத்தில் எரிச்சல் இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. இன்னொரு நன்றியையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

விலை சொல்லுங்கள் என்றேன். சல்லி வேண்டாம் என்றார். நானே ஒரு விலை சொன்னேன். அவர் கையை விரித்தார். கூட்டினேன். “அவ்வளவு பெறாது” என்று பாதியாகக் குறைத்தார். மறுபடி கூட்டினேன், மறுபடி குறைத்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ரோட்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். கடைசியில், சல்லிக்குப் பதிலாகத் தினமும் காலையில் அவர் பக்கத்தில், அவர் வேகத்தில் நான் நடந்து வர வேண்டும் என்று முடிவாகியது. சத்தம் கேட்டு ஓடி வந்த அவர் கடை சேல்ஸ்மேன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

“வாங்குறவர் வெலய ஏத்துறார், குடுக்கிறவர் வெலய எறக்கிறார், ரெண்டு பேரும் சண்ட புடிக்கிறாங்க. இப்பிடி யாவாரத்த நான் கண்டதே இல்ல, மொதலாளி!”

சரசுவின் சீட்டு

அவர் வேகத்தில் நடப்பது எனக்குத் தண்டனை. வழியெல்லாம் சலாம் சொல்கிறவர்களுக்காக நின்று நின்றுதான் போக வேண்டும். ஆனாலும் மூச்சு அடங்கியது, சின்ன மாத்திரையோடு தூக்கமும் வந்தது. இரண்டாம் தரம் பட்டியில் தேறினேன். காலை நேரம் மட்டும் கடையில் இருக்கலாம் என்றார் டாக்டர்.

போய்ப் பார்த்தால் அது என் கடையே இல்லை. சரசு ஒவ்வொரு பாத்திரத்திலும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தாள். ஒரே விலை. கூட்டம் என் காலத்தை விட அதிகம். ஹாஜியாரின் மேல் இருந்த வயிற்றெரிச்சல் அப்படியே என் மனைவியின் மேல் திரும்பியது. “உக்காருங்க, காச வாங்குங்க. வாயத் தொறந்தீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிருவேன்” என்றாள். அந்தக் கதிரைக்காக அதற்கும் சம்மதித்தேன்.

முதல் நாளே மாரியம்மா வந்தாள். கலஹாத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், என்னோடு சண்டை போடாமல் ஒரு செம்பு வாங்கினதில்லை. மகள் கல்யாணத்துக்கு அண்டா வேண்டுமாம். சீட்டில் உள்ள விலையைச் சொன்னேன். “இந்தத் தகரத்துக்கா?” என்றாள். பேசாமல் இருந்தேன். அண்டாவைக் கவிழ்த்துத் தட்டி, அடி கோணல் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். எதிர்க்கடையில் இதைவிட நல்லது இருக்கிறது என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அண்டாவை இறக்கி வைத்து, சரசு காதோடு சொன்னாள்:

“அக்கா, மொதலாளிக்கு இன்னும் சொகமாகல போல. நான் இன்னொரு நாளைக்கு வாறேன், நீங்க நல்லா வைத்தியம் பாருங்க.”

மாரியம்மா படி இறங்குமுன், அந்த ஒரு அண்டாவின் சீட்டை மட்டும் சரசு கிழித்துத் தந்து, விலை பேச என்னை விட்டாள். இப்போது நடக்கிறேன், தூங்குகிறேன், காலையில் கதிரையில் உட்காருகிறேன். ஹாஜியாரை டாக்டர் முழு நாளும் கடையில் இருக்கச் சொல்லிவிட்டாராம் என்பதைத் தவிர எனக்கு வேறு வருத்தம் ஒன்றும் இல்லை.