சித்ரா பௌர்ணமியன்று எங்கள் விவாகரத்து

வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இல்லாத அப்பா, இனிமேல் இந்த வீட்டு மனிதர் இல்லை என்பதை நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? விவாகரத்து முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. வெளியே பார்த்தால் எதுவுமே மாறவில்லை என்பதுதான் சிக்கல். அவர் ராணுவத்தில் இருக்கிறார். முன்பும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் வந்தார், இப்போதும் வருகிறார். முன்பும் பாதிப் பேச்சில் சிக்னல் போகும், இப்போதும் போகிறது.

என் மகளைப் பொறுத்தவரை அப்பாக்கள் என்றால் டூட்டிக்குப் போய்விட்டு லீவில் வருகிறவர்கள். கீழ்பென்னாத்தூரில் என் அம்மா வீட்டில்தான் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு நாள், "உங்க அப்பாவுக்கு இன்னும் லீவு முடியலையா?" என்று கவலையாக விசாரித்தாள். அந்தப் பெண்ணின் அப்பா உர மூட்டைக் கடை வைத்திருப்பவர், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர். அந்த வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாமோ என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நாங்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கல்யாணம் ஒரு லீவில் நடந்தது. பிறந்த குழந்தையை அடுத்த லீவில் வந்து பார்த்தார். லீவின் முதல் வாரம் விருந்தாளி போல இருப்பார். இரண்டாவது வாரம் அலமாரியை அவர் முறைப்படி அடுக்கி வைப்பார். மூன்றாவது வாரம் நான் அதைக் கலைத்து என் முறைப்படி அடுக்குவேன். நான்காவது வாரம் இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். ரயில் ஏறிய மறுநாள் போனில் அவ்வளவு பிரியமாகப் பேசுவோம்.

"போன்ல நாம நல்லாத்தான் இருக்கோம். வீட்லதான் ஒத்து வரல" என்று அவர்தான் முதலில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சரியாகச் சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

இருவரும் சம்மதித்துப் பிரிவது சுலபம் என்று நினைத்திருந்தோம். மனு போடும்போது ஒரு முறை, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை, இருவரும் சேர்ந்து வந்து நிற்க வேண்டும் என்றார் வக்கீல் அம்மா. ஒன்றாக ஒரே ஊரில் இருக்க முடியாததால்தான் இந்த நிலைமை. அதை முடித்துக்கொள்ளவும் ஒன்றாக ஒரே ஊரில் இருக்க வேண்டியிருந்தது. ஒரு லீவில் மனு போட்டோம். நடுவில் அவருடைய மேலதிகாரி எனக்குப் போன் செய்து இந்தியில் நெடுநேரம் புத்தி சொன்னார். பள்ளிக் காலத்தில் இந்திப் பரீட்சை எழுதியவள் என்ற தைரியத்தில் எல்லாவற்றுக்கும் "ஜி சாப்" என்றேன். நான் திருந்திவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

இரண்டாவது முறைக்கான தேதியை நானும் அவரும் போனிலேயே பேசி முடிவு செய்தோம். அவர் ரயில் வந்து சேரும் நாள், லீவு முடியும் நாள், நான் வேலை பார்க்கும் பள்ளியில் பரீட்சை முடியும் நாள் எல்லாம் பார்த்தோம். எந்த விஷயத்திலும் அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் திட்டம் போட்டதில்லை. பௌர்ணமியை மட்டும் பார்க்கவில்லை. திருவண்ணாமலைக்காரர்கள் வீடு மாற்றுவதானால்கூட முதலில் பார்ப்பது அதைத்தான். நாங்கள் தேர்ந்தெடுத்தது சித்ரா பௌர்ணமி.

காலையில் பாப்பா என் அம்மாவிடம் இருக்க மாட்டேன் என்று அழுததால் அவளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே திண்டிவனம் சாலையிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். ஆட்டோவும் இல்லை. இடுப்பில் குழந்தை, தோளில் பை, கையில் ஃபைல். வேங்கிக்கால் பக்கம் இருக்கும் கோர்ட்டுக்கு இனி நடைதான். பத்தடி நடப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"பாப்பாவ இப்படி குடு."

அவர்தான். தம்பியின் பைக்கில் வந்தவரையும் தடுப்புப் போட்ட இடத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

"பௌர்ணமினு உனக்குத் தெரியாதா? இந்த ஊர்லயே இருக்கிறவ நீ" என்றார்.

"நீங்க மட்டும் வெளியூரா? தேதி சொன்னதே நீங்கதான்."

"நான் சொன்னா நீ கேட்டுடுவியா? எப்ப கேட்டிருக்க?"

அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை, கூட்டம் தள்ளியது. பாப்பா அவர் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்து அவளும் ஷூவைக் கழற்றச் சொன்னாள். ஆளுக்கொன்றாக அவர் பேண்ட் பாக்கெட்டில் ஒன்று, என் பையில் ஒன்று.

வேலூர் பஸ்களில் வந்து இறங்கியவர்கள் மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் எதிரே போனோம். மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, தப்புப் பக்கமா போறீங்களே. மலை அந்தாண்ட இருக்கு."

"தெரியும்மா. எங்களுக்கு வேற வேண்டுதல்" என்றார் இவர்.

"குடும்பமா வந்திருக்கீங்க. நல்லா இருங்க" என்று பாப்பாவுக்கு இன்னொரு டம்ளர் கொடுத்தார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு மணி நேர நடையில் அவர் மூன்று தடவை என் பையைக் கேட்டார், மூன்றாவது தடவை கொடுத்தேன். இதை எழுதலாமா என்று தெரியவில்லை. இப்படி நடக்க முடிகிறவர்கள் ஏன் பிரிய வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அடுத்த லீவின் நான்காவது வாரத்தை நினைத்துப் பார்த்ததும் பதில் கிடைத்தது.

கோர்ட்டில் எங்கள் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டிருந்தார்கள். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்கள். பாப்பாவை வக்கீல் அம்மாவின் ஜூனியர் பெண் வெளியே பார்த்துக்கொண்டாள். நீதிபதி அம்மா எங்களைப் பார்த்தார். இவர் பேண்ட் பாக்கெட்டில் பிங்க் நிற ஷூ நீட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா வந்தீங்க?"

"பஸ் இல்லம்மா" என்றேன்.

"இன்னும் யோசிக்க டைம் வேணுமா?"

"லீவு எட்டு நாள்தாம்மா இருக்கு" என்றார் அவர். எங்கள் ஐந்து வருட வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. இருவரும் தனித்தனியாகச் சம்மதம் என்றோம். முடிந்தது.

வெளியே வந்ததும் பாப்பா, "அடுத்த லீவுல வரும்போதும் இதே மாரி நடக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

"நடக்கலாம்டா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அவளை ஜூனியர் பெண்ணோடு நிறுத்திவிட்டு, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்லச் சொல்ற? டூட்டிக்குப் போறேன்னு எப்பவும் போலப் போய்டறேன். பெரியவளானா தானா புரியும்."

நான் தலையாட்டினேன். அப்போது அதுதான் குழந்தைக்கு நல்லது என்று தோன்றியது. எனக்குச் சுலபம் என்பதால் அப்படித் தோன்றியதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அவருக்கு லீவு. இந்த முறை அவருடைய அம்மா வீட்டில்தான் தங்குவார், பாப்பாவை வந்து பார்த்துவிட்டுப் போவார். அவளோ தன் தலையணைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு இப்போதே இடம் விட்டுப் படுக்கிறாள். நேற்று அவர் போனில், "பாப்பா கேட்டா நான் சொல்லிக்கட்டுமா, நீ முன்னாடியே சொல்றியா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்பா ராணுவத்தில் இருந்து, இப்படிப் பிரிந்த வீட்டில் வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்களிடம் யார் சொன்னார்கள்? அவர் வருவதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவது மேலா, இல்லை அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இருவருமாகச் சொல்ல வேண்டுமா? எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் வார்த்தைதான் எனக்கு வரவில்லை.