பாட்டுக்கு இழுக்காத கயிறு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. “அழுதது போதும், அவரைப் பற்றி உருப்படியாக நாலு வரி எழுதுங்கள்” என்றார் அண்ணி. உடன்பிறந்தவன் என்பதோடு, அவர் அணியில் கயிறு இழுத்தவன் என்ற உரிமையிலும் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். விடிந்ததும் அப்பாவோடு கரையில் நின்று பெரிய வலை இழுத்துவிட்டு, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் பள்ளிக்கு ஓடுவோம். விளையாட்டு வாத்தியார் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆனால் குப்பத்துப் பையன்களை எந்த அணியிலும் சேர்க்க மாட்டார்கள். அத்தனை பேரும் எலும்பும் தோலுமாக இருப்போம்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடந்தன. கயிறு இழுக்க எங்களை அனுப்பச் சொல்லி வாத்தியாரிடம் போய் நின்றார் அண்ணன்.

“ஒல்லிப் பசங்கடா நீங்க. தோத்தா ஸ்கூல் மானம் போயிடும்.”

“தோத்தா இனிமே கிரவுண்டு பக்கமே வரமாட்டேன் சார்.”

சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர். தோற்றால் அவர் கனவும் அதோடு சரி.

இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர்கள் செய்யூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் எங்களில் இரண்டு பேர் இருப்பார்கள். மூன்று இழுப்பில் இரண்டு ஜெயிக்க வேண்டும். வலை இழுக்கும்போது பாடுவோமே, அந்த அம்பா பாட்டைப் பாடிக்கொண்டே இழுத்தோம். எங்கள் தாளத்துக்கு அவர்களும் ஒன்றுசேர்ந்து இழுத்தார்கள். முதல் இழுப்பு போயிற்று.

“நம்ம பாட்டுக்கே இழுக்கறானுங்கடா!” என்று சிரித்தார் அண்ணன். “பாடுங்க. ஆனா பாடசொல்ல இழுக்காம கம்முனு புடிச்சிகினு நில்லுங்க. பாட்டு நின்னா இழுங்க.”

“பாட்டு கேட்டா கை தானா இழுக்கும் அண்ணாத்த!” என்றேன்.

“அலை உள்ள வாங்கசொல்ல வலைய இழுப்பியா நீ? புடிச்சிகினுதானே நிப்ப? அதான் இது.”

அப்படியும் இரண்டாவது இழுப்பில் பழக்க தோஷத்தில் பாட்டோடு இழுத்துச் சறுக்கி விழுந்தேன். அண்ணன் திரும்பி முறைத்த முறைப்பில் எழுந்துவிட்டேன். பாட்டுக்கெல்லாம் அவர்கள் இழுத்துக் களைத்தார்கள்; அவர்கள் மூச்சு வாங்கும்போது நாங்கள் இழுத்தோம். ஜெயித்தோம்! மூன்றாவது இழுப்பில் அண்ணன் பாடவே விடவில்லை. பாட்டு வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அதற்குள் கோட்டைத் தாண்டி இழுத்து வந்துவிட்டோம்.

“நாளைலருந்து சாயங்காலம் கிரவுண்டுக்கு வாடா” என்றார் வாத்தியார்.

அதன்பின் அண்ணனும் உடற்கல்வி ஆசிரியரானார். குட்டையான பெண்களை வைத்தே கைப்பந்து அணி கட்டினார். உயரமானவர்களை உட்காரவைத்ததற்குத் தலைமையாசிரியரிடம் திட்டும் வாங்கினார். அந்த அணி கோப்பையோடு வந்தபோது அவர் பட்ட பெருமையைத் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் எங்களை உயிரோடு விடவில்லை!

கடைசி நாட்களில் செங்கல்பட்டு மருத்துவமனையில் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், முறை வைத்துத் துணைக்கிருந்த மாணவர்களுக்கும், கண் கலங்காமல் நின்ற அண்ணிக்கும் எங்கள் நன்றி. அண்ணன் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறுதி ஊர்வலத்துக்கு வந்த அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் “நீ எதில் ஜெயித்தாய்?” என்று கேட்டேன். பாதிப் பேர் எதிலுமே ஜெயித்ததில்லையாம். அவர்களையும் அணியில் சேர்த்திருக்கிறார் அண்ணன்.