ஒரே படமாகிப்போன என் மகள்

கொல்லங்கோட்டில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் என் தம்பி லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்த பிறகு, வீடியோ பார்த்துப் பார்த்து பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்கினேன்.

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டுப் பெயர் மாற்ற, ஒரு நாள் காலையில் நானே சின்ன புரோகிராம் எழுதி ஓட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை. சந்தோஷமாக ஃபோல்டரைத் திறந்தால், உள்ளே ஒரே ஒரு படம்தான் இருந்தது! ஒவ்வொரு படத்துக்கும் எண்ணில் ஒன்று கூட்டும் வரியை எழுத மறந்திருக்கிறேன். எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர் விழுந்து, ஒவ்வொன்றும் முந்தியதை அழித்துவிட்டது.

லேப்டாப்பை மூடினேன், மறுபடி திறந்தேன். முந்தின நாள்தான், படங்களை லேப்டாப்பில் ஏற்றியாயிற்று, உங்கள் போனில் இடமில்லை, அதிலிருந்து அழித்துவிடுங்கள் என்று கணவரை நச்சரித்திருந்தேன். கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. தோப்புக்கே ஓடினேன்.

“ஏனுங்க, போன்ல இருந்த பாப்பா படத்தையெல்லாம் அழிச்சுப்போட்டீங்களா?”

“மறந்துபோச்சு புள்ள. சாயங்காலம் அழிச்சுப்போடறேன், அதுக்கு ஏன் இப்படி ஓடி வர்றே?”

“ஐயோ, அழிச்சுப்போடாதீங்க!” என்று போனைப் பிடுங்கிக்கொண்டு, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் நகல் எடுத்த நாலைந்து படங்களில் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் புரோகிராமையும் நம்புவதில்லை. புதுப் பெயர்களை முதலில் திரையில் வரவைத்துப் படித்துக்கொள்கிறேன். பிழை காட்டாமல் ஓடினால்தான் எனக்கு இப்போது கூடுதல் பயம்.

– ஒரு வாசகி, கொல்லங்கோடு