ஞாயித்துக்கிழமை முக்கால் மணி நேரம்

நம்ம கோயில் அன்பியம் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்தப்போ நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். ஸ்டெல்லா அக்கா காலையில தவறிட்டாங்க, நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்னு போட்டிருந்தாங்க. எனக்கு அழுகை வரல. செத்துப்போன என் மனைவி ஜெனி இருக்கிற இடத்துக்கு எனக்கு முன்னாடி இவங்க போயிட்டாங்களேன்னுதான் தோணுச்சு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, பொறாமைதான். அவங்க உயிரோட இருந்தப்பவும் எனக்கு அதுதான் இருந்துச்சு.

அவங்க குரோம்பேட்டையில டெய்லர் கடை வச்சிருந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சதும், கோயிலுக்கு வர முடியாத நோயாளிங்களுக்கு நற்கருணை அப்பத்தைச் சின்ன டப்பாவுல வச்சு, கழுத்துல மாட்டி எடுத்துட்டுப் போவாங்க. ஜெனி கேன்சர்ல படுத்திருந்த கடைசி ஏழு மாசம் மேடவாக்கத்துல எங்க ஃபிளாட்டுக்கும் வந்தாங்க. நான்தான் பைக்ல கூட்டிட்டு வருவேன்.

நற்கருணை கழுத்துல தொங்கற வரைக்கும் வழியில யார்கிட்டயும் பேச மாட்டாங்க. ஒரு நாள் எங்க தெருவை தண்ணி லாரி அடைச்சுட்டு நின்னுச்சு. டிரைவர் கேட்டதுக்கெல்லாம் இவங்க சும்மாவே நிக்க, "இன்னாக்கா, வாய்ல கொழுக்கட்டை வச்சிக்கினு கீறியா?"ன்னான். திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி அவன்கிட்ட போனாங்க. "இப்ப கேளுப்பா, இப்ப பேசலாம்"னாங்க. பத்து நிமிஷம் பேசினாங்க. அவனுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டுதான் வண்டியில ஏறினாங்க.

வீட்ல ஜெபம் முடிஞ்சதும் ஜெனி என்னைப் பார்த்து, "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க"ன்னுவா. கதவு சாத்திடும். முக்கால் மணி நேரம். என்கிட்ட சொல்லாததை இவங்ககிட்ட என்னதான் சொல்றா? ஒரு தடவை டீக்குப் போகாம கதவுல காதை வச்சுக் கேட்டேன். சத்தமே இல்ல. அவ்வளவு ரகசியமா பேசறாங்கன்னு நினைச்சேன்.

ஜெனி போய் முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல அவங்களை நிறுத்திக் கேட்டுட்டேன்.

"அவ ஒண்ணும் பேசலப்பா. தூங்குவா."

எனக்குப் புரியல.

"நீ பக்கத்துல இருந்தா அவளால தூங்க முடியாது தம்பி. கண்ணை மூடினாலே பதறிப் போய் அவ விரல்ல அந்த கிளிப்பை மாட்டுவ, நம்பர் பார்ப்ப, லேப்டாப்ல எழுதுவ. உனக்கு பயம் வரக்கூடாதுன்னு முழிச்சுட்டே கிடந்தா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா."

நிஜம்தான். அரை மணிக்கு ஒரு தடவை ஆக்சிஜன் பார்த்து ஷீட்ல ஏத்துவேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல வேலை பார்க்கிறவனுக்கு வேற என்ன செய்யத் தெரியும்? அவளைப் பார்த்துக்கறதா நினைச்சுட்டிருந்தேன்.

அவங்க மேல அப்படி ஒரு கோவம். கோயில்ல அவங்க உட்கார்ற பக்கமே போகல. அவங்களும் துரத்தி வந்து சமாதானம் சொல்லல. "கோவப்பட்டுக்கோ. நான் கடையிலதான் இருப்பேன்"னு ஒரு தடவை சொன்னாங்க, அவ்வளவுதான்.

மூணு மாசம் கழிச்சு நானாவே கடைக்குப் போனேன். மன்னிப்பு கேட்கப் போகல. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். "எப்படித் தூங்குவா?"ன்னு கேட்டேன்.

மெஷினை நிறுத்திட்டு வெட்டற மேசை மேல தலையைச் சாய்ச்சாங்க. இடது பக்கமா ஒருக்களிச்சு, கன்னத்துக்குக் கீழ கையை வச்சு, கண்ணை மூடிக் காட்டினாங்க.

"இப்படி. கொஞ்ச நேரத்துல வாய் திறந்துக்கும். குறட்டை கூட வரும் தம்பி, சின்னதா."

அந்த ஏழு மாசத்துல ஜெனி அப்படித் தூங்கினதைப் பார்த்தவங்க அவங்க ஒருத்தர்தான். இப்போ அவங்களும் இல்ல. அந்த மேசை மேல அவங்க காட்டினதை வச்சு நான் ஜெனியைத் தூங்க வச்சுப் பார்த்துக்கறேன். ஸ்டெல்லா அக்காகிட்ட இருந்து எனக்குக் கிடைச்சது அதுதான். பொறாமை இன்னும் போகல.